எட்டரை மணிக்குச் சந்தைக்குப் போற மாப்ளைக்கு

என்ன மாப்ள, உழவர் சந்தைக்குக் கிளம்பிட்டியாக்கும்? மணி எட்டரைதான ஆகுது, இன்னொரு காப்பி குடிச்சிட்டு நிதானமாப் போ. கோழி கூப்பிடுறப்பவே மூட்டையத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறுன சனமெல்லாம் பிஞ்சுக் கத்திரிக்காய மடியில கட்டி வச்சுக்கிட்டு உனக்காகத்தான் உக்காந்திருக்கு. நீ போய்ச் சேரையில முருங்கைக் கொழையும் விளக்குமாத்துச் சத்தமும் மிச்சமிருக்கும். ரெண்டும் வீட்டுக்கு ஆகும்.

உள்ள நுழைஞ்சதும் விலைப் பலகை இருக்கும். அந்தப் பக்கம் திரும்பிராத. மொத்த விலைக்குக் கொஞ்சம் மேல, கடை விலைக்குக் கொஞ்சம் கீழன்னு அன்னன்னிக்கு ஆபீசருக எழுதிப் போடுறது. அதைப் படிச்சிட்டா நீ எப்படிப் பேரம் பேசுவ? கலைஞர் 1999 நவம்பர்ல மதுரை அண்ணா நகர்ல மொதச் சந்தையத் தொறந்தப்பவே, விளைய வச்சவனுக்கும் திங்கிறவனுக்கும் நடுவுல ஆளே கூடாதுன்னுதான் ஏற்பாடு. கடைக்கு வாடகை இல்ல, கமிஷன் இல்ல, தராசும் அவுகளே குடுப்பாக. நடுவுல ஆளில்லாத கொறையத்தான் நீ தீத்து வைக்கிறியே! ஒரு கட்டு தண்டுக்கீரைக்கு அந்தம்மாகிட்ட கால் மணி நேரம் மல்லுக்கட்டுற. அதே நீ போன வாரம் பிரியாணிக் கடையில பில்லக் கூட்டிக்கூடப் பாக்கல. பல்லு குத்திக்கிட்டே டிப்சு வேற வச்ச.

எவரு கையில வாங்குறதுன்னு கேட்டல்ல? கேரட்டு, பீன்சு, தக்காளி, தேங்கான்னு கலெக்டர் ஆபீஸ் கொலு மாதிரி அடுக்கி வச்சிருக்காரு பாரு, அங்க போ. எல்லாம் ஒரே தோட்டத்துல காய்ச்சதுன்னு நம்பு. ரெண்டே ரெண்டு காயக் கொட்டி வச்சுக்கிட்டு, நகத்துல செம்மண்ணோட, பாதிச் சுரைக்காய் கோணலா ஒருத்தி உக்காந்திருப்பா. அந்தப் பக்கம் போயிராத. அது நெசமாவே அவ தோட்டத்துது. சொத்தைக் கத்திரிக்காயக் கண்டா மூஞ்சியச் சுளிச்சுக் காட்டு. புழு தின்னு பாத்து நல்லாருக்குன்னு சொன்ன காய், உனக்கு எதுக்கு?

பழத்துக்கு வருவோம். சிறுமலை வாழைன்னு ஒண்ணு வச்சிருப்பாக. சின்னதா, தோலு சுருங்கி, கருத்துப்போயி, என்னைய மாதிரியே இருக்கும். நீ தொடமாட்ட. மஞ்சளா, வழவழன்னு, நீளமா இருக்குறதத்தான் எடுப்ப. தோலு எம்புட்டு சுருங்குனாலும் உள்ள கட்டி கலையாம, தண்ணி விடாம இருக்குறதாலதான் பழனி மலையில பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழையத் தேடுறாக. அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019ல புவிசார் குறியீடு குடுத்தாக. அதே வருசம் நம்ம திண்டுக்கல் பூட்டுக்கும் குடுத்தாக. முடிக்கொத்து நோய் வந்து மலையில வாழையே அத்துப்போற மாதிரி கிடந்த காலத்தக் கண்டவன் நான். அதனால அந்தச் சுருக்கத்தப் பாத்தா எனக்குக் கொஞ்சம் மரியாதை. உனக்கு வேண்டாம். நீ மஞ்சளையே தின்னு.

இன்னொண்ணு. தக்காளி மலிஞ்சா ரோட்டுல கொட்டுனதப் படம் புடிச்சுப் போட்டு, "விவசாயி வாழ்க"ன்னு எழுதுறியே, அத விட்டுறாத. ஒட்டன்சத்திரத்துல கேரளாவுக்கு லாரி ஏத்துறவுக, அய்யலூர்ல கூடையோட நிக்கிறவுக எல்லாரும் உன் படத்தப் பாத்துத்தான் அன்னிக்கு ராத்திரி தூங்குறாக. விலை ஏறுற வாரத்துல மட்டும் "கொள்ளையடிக்கிறானுக"ன்னு எழுதுவ பாரு, அதுவும் படிக்க நல்லாத்தான் இருக்கு.

சரி, நேரமாச்சு, கிளம்பு. பை எடுத்துக்கிட்டியா? இல்ல, அங்க போயி "ஒரு கவர் குடும்மா"ன்னு நிக்கப் போறியா? உங்கத்தை வச்ச மஞ்சப்பை கதவுக்குப் பின்னால தொங்குது. வாசல்ல அவிச்ச கடலை சூடா இருந்தா ரெண்டு படி வாங்கிக்க. எனக்குக் கருத்த மலைவாழை ஒரு சீப்பு. காசா? சந்தையில எனக்குக் கடன் குடுக்க மாட்டாக மாப்ள. நீ குடுப்ப.