கூலிங் பேப்பர்க்காரர்

புது கார் வாங்கினால் ஷோரூமிலிருந்து நேரே பிள்ளையார் கோயிலுக்குப் போவது ஊர் வழக்கம். கூலிங் பேப்பர்க்காரர் ஜி.பி. ரோட்டுக் கார் அலங்காரக் கடைக்குப் போவார். எலுமிச்சம்பழம் அப்புறம் நசுங்கிக்கொள்ளும்.

"எவ்ளோ டார்க்கா வேணும் சார்?" என்பான் கடைப்பையன்.

"உள்ளே யார் இருக்கான்னே தெரியக் கூடாது!"

உள்ளே இருக்கப்போவது இவர், மனைவி, மாமியார், ஒரு தூக்கு புளியோதரை.

2012-இல் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்ட உச்ச நீதிமன்றம், இசட், இசட் ப்ளஸ் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கு விலக்குத் தர மட்டும் வழிவிட்டது. இவருக்கும் ஆபத்து இல்லாமலில்லை. மாதாமாதம் தவணை கேட்டு ஃபைனான்ஸ்காரர் வருகிறார்.

சட்டம் தெரியாத மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். அந்த அளவு குறையாமல் இருந்தால் ஃபிலிம் ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024-இல் தீர்ப்புச் சொன்னது. அதைச் செல்போனிலேயே வைத்திருக்கிறார். அதில் 'ஒட்டலாம்' என்ற இடத்தை மட்டும் மனப்பாடமாகச் சொல்வார். இவர் ஒட்டியிருக்கும் பேப்பரில் சூரிய கிரகணமே பார்க்கலாம். (கண் மருத்துவர்கள் மன்னிக்கவும். பார்க்கக் கூடாதுதான்.)

சிக்னலில் வெள்ளைச் சட்டை தெரிந்தால் நான்கு கண்ணாடிகளும் ஒரே நேரத்தில் சரசரவென்று இறங்கும். இறக்கிவிட்ட கண்ணாடியில் பேப்பர் எப்படித் தெரியும்? கத்திரி வெயிலில், ஏ.சி. காற்றெல்லாம் மவுண்ட் ரோட்டுக்குத் தானமாகப் போக, "இயற்கைக் காத்து ஒடம்புக்கு நல்லது" என்று மாமியாருக்கு விளக்கம் சொல்வார். மாமியார் முந்தானையால் விசிறிக்கொள்வார். வெயிலுக்காகத்தான் பேப்பர் ஒட்டினோம் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது.

பின் கண்ணாடியை மட்டும் இறக்க வழியில்லை. அங்கேதான் மாட்டிக்கொள்வார். அபராதச் சீட்டோடு விட மாட்டார்கள், அங்கேயே கிழிக்கச் சொல்வார்கள். நகத்தால் சுரண்டி, பிளேடால் சுரண்டி, கடைசியில் பேப்பரோடு பனி போக்கும் கம்பிக் கோடுகளும் உரிந்து வரும். பசை மட்டும் வராது. அடுத்த வாரமே அந்தப் பசையை மறைக்கப் புதுப் பேப்பர்.

இரவில் வேறு கதை. பக்கத்தில் போகிற பைக்கும் தெரியாது, மிரரும் தெரியாது. குற்றம் பேப்பர் மேலா வரும்? "கம்பெனிக்காரன் குடுத்தது லைட்டா சார், அகல் விளக்கு!" என்று மறுபடியும் ஜி.பி. ரோடு. 60/55 வாட் ஹாலஜன் பல்பு கழன்று ஹெச்.ஐ.டி. பல்பு ஏறும். ஹாலஜனுக்கென்று வளைத்த ரிஃப்ளெக்டருக்குள் அதைச் செருகினால் வெளிச்சம் ரோட்டைத் தவிர எல்லா இடத்திலும் விழும்: எதிரே வருபவன் கண்ணில், புளியமரத்து உச்சியில். அங்கே தூங்கும் காக்கை விடிந்துவிட்டதென்று கரையத் தொடங்கும்.

எதிரே வரும் லாரிக்காரர் ஒரு தடவை டிம்-பிரைட் போட்டுக் கேட்பார். மறு தடவையும் கேட்பார். மூன்றாவது தடவை கேட்க மாட்டார். தன்னிடமுள்ள விளக்கையெல்லாம் மொத்தமாகப் போட்டுவிடுவார். நம்மவர் கண்ணை இடுக்கிக்கொண்டு புலம்புவார்:

"ஒருத்தனுக்கும் டிம் அடிக்கத் தெரியலையே சார்! நாளைக்கு மொத வேலையா முன்கண்ணாடிக்கும் ஒரு பேப்பர் ஒட்டிடணும்."