ஒரு பால்கனி கொடுங்கள்!

ஈக்வடார் நாட்டின் ஜனாதிபதி நாற்காலியில் ஹோசே மரியா வெலாஸ்கோ இபாரா ஐந்து முறை ஏறினார். நான்கு முறை பிடித்து இறக்கினார்கள். மீதி ஒரு முறை மட்டும் தவணை முடிந்து தானாகவே இறங்கினார். அன்றைக்கு ராணுவத்துக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ.

1893-ல் கீட்டோவில் பிறந்தவர். ஒட்டடைக்குச்சி உடம்பு, சட்டத்தில் டாக்டர் பட்டம், வானத்தையே மிரட்டும் ஓர் ஆள்காட்டி விரல். சொத்து என்று பார்த்தால் அந்த விரலும் தொண்டையும்தான். "ஒரு பால்கனி கொடுங்கள், மறுபடியும் ஜனாதிபதி ஆகிக் காட்டுகிறேன்" என்பது அவர் பெயரில் வழங்கும் வசனம். வெறும் சவடால் இல்லை. பால்கனியில் நின்று அவர் விரலை ஆட்டினால் சதுக்கத்தில் ஈ எறும்பு நுழைய இடமிருக்காது. இத்தனைக்கும் கீழே நின்று கத்தியவர்களில் பலருக்கு ஓட்டே கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அங்கே வாக்குரிமை வந்தது 1979 அரசியல் சட்டத்தில்தான்.

அவருடைய ஜாதகத்தில் ஒரு விசேஷம்: ஆள் ஊரில் இல்லாதபோதுதான் செல்வாக்கு ஏறும். பாரிஸில் படித்துக்கொண்டிருந்தபோதே ஈக்வடாரில் அவரை நாடாளுமன்ற உறுப்பினர் ஆக்கிவிட்டார்கள். திரும்பி வந்தவர் 1933-ல் அப்போதைய ஜனாதிபதியை நாடாளுமன்றத்திலேயே பேசிப் பேசி வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு அதே நாற்காலியில் அவரே உட்கார்ந்தார். ஓராண்டுகூட ஆகவில்லை, நாடாளுமன்றம் தொல்லையாகத் தெரிந்தது. கலைத்துவிட்டுச் சர்வாதிகாரி ஆகலாம் என்று பார்த்தார். ராணுவம் அவரைக் கலைத்துவிட்டது. துப்பாக்கிமுனைக் கத்திகள்மேல் நானே போய் விழுந்தேன் என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். நம் ஊரில் இதற்குச் சொந்தச் செலவில் சூனியம் என்று பெயர்.

அப்புறம் வெளிநாட்டு வாசம். கொலம்பியாவிலும் அர்ஜென்டினாவிலும் பாடம் நடத்திப் பிழைத்தார். 1940 தேர்தலில் நின்று தோற்றார். மோசடி என்று முழங்கினார். மறுபடியும் நாடு கடந்தார். அவரைத் தோற்கடித்த அர்ரோயோ தெல் ரியோவின் ஆட்சியில் பெரு நாடு படையெடுத்து வந்தது. 1942-ல் ரியோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அமேசான் காட்டில் பெரும்பகுதியை ஈக்வடார் தாரைவார்த்தது. எல்லைக்கு அப்பால் சும்மா இருந்த வெலாஸ்கோவுக்கு ஒரு செலவும் இல்லாமல் புகழ் கூடியது. மக்கள் அவருக்கு 'ஊரில் இல்லாத மகான்' என்கிற பொருளில் பட்டமே கொடுத்தார்கள். 1944 மே மாதம் குவாயாகில் நகரில் புரட்சி வெடித்தது. பழமைவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் ஒரே மாலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு அவரை அழைத்துவந்தார்கள்.

மாலை வாடுவதற்குள் கம்யூனிஸ்டுகளைக் கழற்றிவிட்டார். 1945-ல் புது அரசியல் சட்டம் வந்தது, பிடிக்கவில்லை. 1946-ல் இன்னொன்று எழுதிக்கொண்டார். 1947-ல் அவருடைய பாதுகாப்பு அமைச்சர் கர்னல் மன்செனோவே அவரைத் தூக்கினார். பாதுகாப்பு யாருக்கு என்று நியமன உத்தரவில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். மன்செனோவும் நிலைக்கவில்லை, ஏறக்குறைய பத்தே நாளில் அவரையும் இறக்கிவிட்டார்கள்.

1952 முதல் 1956 வரை அந்த அதிசயம் நடந்தது: முழுத் தவணை. வாழைப்பழ ஏற்றுமதியில் ஈக்வடார் உலகத்திலேயே கொடிகட்டிப் பறந்த காலம். கல்லாவில் காசு புரண்டது. சாலை போட்டார், பள்ளிக்கூடம் கட்டினார். வயிறு நிறைந்தவன் கலகத்துக்கு வரமாட்டான்.

1960-ல் மறுபடியும் ஜெயித்தார். ரியோ ஒப்பந்தம் செல்லாது என்று முழங்கியபோது கைதட்டல் விண்ணைப் பிளந்தது. வரியை ஏற்றியபோது அதே கைகள் கல்லை எடுத்தன. துணை ஜனாதிபதி அரோசமேனா எதிர்த்துப் பேசினார் என்று 1961 நவம்பரில் பிடித்து உள்ளே போட்டார். மறுநாளே வெலாஸ்கோவின் ஆட்சி கவிழ்ந்தது. மாமியார் வீட்டில் இருந்தவர் மாளிகைக்கு வந்தார். மாளிகையில் இருந்தவர் மூட்டை கட்டினார். ஜெயிலில் போட்டதால் பதவி உயர்வு பெற்றவர் அரோசமேனா.

எழுபத்தைந்து வயதில், 1968-ல், ஐந்தாவது முறை. மூன்றில் ஒரு பங்கு ஓட்டுதான், ஆனாலும் முதலிடம். 1970-ல் பழைய வியாதி திரும்பியது: நாடாளுமன்றத்தை மூடிவிட்டுச் சர்வாதிகாரி ஆனார். இந்த முறை ராணுவம் கூடவே நின்றது. நின்றது காவலுக்கு அல்ல, வரிசையில் என்பது 1972 பிப்ரவரி 15-ல் தெரிந்தது. அன்று கார்னிவல், ஊரே ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடும் நாள். ராணுவமும் அவரைத் தலைமுழுகிவிட்டது. ஜெனரல் ரோத்ரீகஸ் லாரா நாற்காலியில் அமர்ந்தார். அதே ஆண்டு அமேசான் எண்ணெய் கப்பலேறத் தொடங்கியது. வெண்ணெய் திரளும்போது தாழி உடையும் என்பார்கள். வெலாஸ்கோவுக்கு எண்ணெய் திரளும்போது உடைந்தது.

கணக்குப் பார்த்தால் ஐந்து தவணைக்கும் சேர்த்துப் பதின்மூன்று ஆண்டுகூடத் தேறாது. அவரைத் திரும்பத் திரும்ப ஜெயிக்கவைத்தது அவருடைய கட்சி அல்ல. அப்படி ஒழுங்கான கட்சி எதுவும் அவருக்கு இருந்ததில்லை. அவருக்குப் பிரசாரம் செய்தது ராணுவம். உட்காரவிட்டிருந்தால் மக்களே சலித்துப்போய் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் விமானம் ஏற்றி, ஊரில் இல்லாத மகானாக்கி, அடுத்த தேர்தலுக்கு மெருகேற்றி அனுப்பிவைத்தார்கள்.

இத்தனை முறை கஜானா சாவியை வைத்திருந்தவர் கடைசி வெளிநாட்டு வாசத்தில் புவேனஸ் ஐரிஸில் எளிமையான குடியிருப்பில்தான் வாழ்ந்தார். 1979 பிப்ரவரியில் அவர் மனைவி, அர்ஜென்டினக் கவிஞர் கொரினா பர்ரால், பேருந்திலிருந்து விழுந்து இறந்துபோனார். மனைவியின் உடலோடு கிழவர் கீட்டோவுக்குத் திரும்பினார். இந்த முறை பால்கனி கேட்கவில்லை. தியானம் செய்யவும் சாகவும் வந்திருக்கிறேன் என்றார்.

மார்ச் 30-ல் இறந்தார். அவர் கொடுத்த வாக்குறுதிகளில் ராணுவம் குறுக்கிடாமல் நிறைவேறியது அது ஒன்றுதான்.