அலை உயரமும் வைஃபை அலையும்

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வில்லியனூரில் ஒரு தகவல் மையம் அமைத்தது. டயல்-அப் இணைப்பு அங்கே. சுற்று ஊர்களுக்குத் தகவல் போனது விஎச்எஃப் வானொலியில். கரண்ட் போனால் சோலார். அவற்றில் ஒன்றான எம்பலத்தில் கிளை மையத்துக்கு இடம் கொடுத்தது கோயில்.

அமெரிக்கக் கடற்படை இணையத்தில் போட்ட அலை உயரத்தை வில்லியனூரில் இறக்கி, வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். பாஸ்வேர்டு? ஒலிபெருக்கிக்கு ஏது பாஸ்வேர்டு!

இன்று அதே புதுச்சேரியின் புல்வார் பக்கத்துப் பழைய பிரெஞ்சு வீடுகளில் ஃபைபர் வந்துவிட்டது. மாடியில் சொந்த சர்வர் வேறு. முழ அகலச் சுண்ணாம்புச் சுவரைத்தான் வைஃபை தாண்ட மாட்டேன் என்கிறது. வீட்டுப் பையன் படத்தைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு படியிறங்குகிறான். வேகம் எவ்வளவு என்று கேட்டால், கூசாமல் '100 எம்பிபிஎஸ்' என்கிறான்.