பன்றியும் பேட்டியும்

கேள்வி: காட்டுப்பன்றியைச் சுடலாமா, கூடாதா என்ற விவாதத்தில் ஊடகங்கள் யார் பக்கம்?

பதில்: பேட்டிக்கு யார் முதலில் அகப்படுகிறாரோ, அவர் பக்கம்! விவசாயி என்றால் கிளறிப்போட்ட மரச்சீனி மூடும் கண்ணீரும். ஆர்வலர் என்றால் குட்டிகளோடு நடக்கும் தாய்ப்பன்றி. இரண்டு படத்திலும் விழாதது கிலோமீட்டர் கணக்கு. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடக் கூடாது, 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கப்பால்தான் துப்பாக்கி, அதுவும் வனத்துறையினர் கையில். களியக்காவிளையைத் தாண்டினால் கதை வேறு: கேரளத்தில் 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவரே அனுமதிக்கலாம், உரிமத் துப்பாக்கிக்காரர் சுடலாம். பேச்சிப்பாறைப் பக்கம் காட்டை ஒட்டி விளை வைத்திருப்பவருக்கோ, ‘சுட அனுமதி’ என்ற கொட்டை எழுத்துத் தலைப்பில் பங்கே இல்லை.