மல்லிப்பொடியும் ஆன்டிபாடியும்

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பாக்கள் வரிசையாக நிற்கும். "மல்லிப்பொடி எடுத்துட்டு வாங்க" என்று மனைவி சொன்னால், மிளகாய்ப்பொடியோடு போய் நிற்பது என் இல்லறதர்மம். ஆராய்ச்சி மாணவியான மகளுக்கு இதில் ஏக வருத்தம்.

"எங்க லேப்ல ஒரு ஆன்டிபாடி இருக்குப்பா. ஆயிரக்கணக்கான புரதத்துக்கு நடுவுல தனக்கு வேண்டியதை மட்டும் தேடி ஒட்டிக்கும். இத்தனைக்கும் அதுக்குக் கண்ணு கிடையாது."

அது தேடுவது சல்ஃபோட்ரான்ஸ்ஃபரேஸ் 1ஏ1 என்ற நொதியை. இந்த நொதி கல்லீரலில் உட்கார்ந்துகொண்டு, நாம் விழுங்கும் பாரசிட்டமாலில் ஒரு பகுதிக்கு சல்ஃபேட்டை மாட்டிவிட்டு, சிறுநீர் வழியே வெளியேற்ற உதவும். சமையலறையிலிருந்து தலைவலியோடு திரும்புகிறவன் என்ற முறையில் அதற்கு நான் கடமைப்பட்டவன்.

இந்த நொதியையோ அதன் துண்டையோ முயலுக்கு ஊசியில் ஏற்றுவார்கள். "யாரடா நீ?" என்று முயலின் உடம்பு எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, தயாரிக்கும். ரத்தத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்து, மைனஸ் 20 டிகிரியில் வைப்பார்கள். திசுவை அரைத்து, புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டு, சவ்வுக்கு மாற்றி, மேலே ஆன்டிபாடியை ஊற்றினால் 34 கிலோடால்டன் எடைக்குப் பக்கத்தில் ஒற்றைப் பட்டை தெரிய வேண்டும். கண்ட இடத்தில் நாலு பட்டை தெரிந்தால், அந்த ஆன்டிபாடி என் ஜாதி.

இதே வித்தையைப் பெரிய அளவில் பார்க்க மகாபலிபுரம் சாலையில் வடநெம்மேலிக்குப் போகலாம். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்குள்ள முதலைப் பண்ணைக்குள் இருக்கிறது. துணியால் வாய் கட்டிய மண்பானைகள். உள்ளே நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நாங்கள் போனபோது ஒரு பாம்பு கண்ணாடிக் குடுவையைக் கடிக்க, மஞ்சளாக விஷம் சொட்டியது. மனைவியின் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக நின்று துணிச்சலுடன் பார்த்தேன். அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால், குதிரை தயாரிக்கும் எதிர்ப்பொருள்தான் விஷமுறிவு மருந்து.

தரையில் கிடக்கும் தடத்தை வைத்தே பாம்பைத் தேடிப் பிடிப்பவர்கள் இருளர்கள். செங்கல்பட்டு மாவட்டத்து வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்தவர்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. டப்பாவுக்குள் மூக்கை நுழைத்தும் பொடி தெரியாத எனக்கு ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் பதவி!

வாசகர்களுக்கு ஒன்று. பாம்பு கடித்தால் கீறி, உறிஞ்சி, இறுகக் கட்டி வீரம் காட்டாதீர்கள். ஓடவும் வேண்டாம். வண்டி பிடித்து நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். குதிரை கொடுத்த மருந்து அங்கேதான் இருக்கிறது.