கெலாட்டுக்குப் பெங்களூரின் நன்றி

2022 அக்டோபர் 17 அன்று மல்லிகார்ஜுன கார்கே பெங்களூரு குயின்ஸ் ரோட்டில் உள்ள மாநிலக் காங்கிரஸ் அலுவலகத்துக்கு வந்து, கட்சியின் அகில இந்தியத் தலைவர் தேர்தலில் வாக்களித்தார். இரண்டு நாள் கழித்து எண்ணியபோது அவருக்கு 7,897, சசி தரூருக்கு 1,072. விதான சௌதாவின் முதல்வர் நாற்காலி பலமுறை பக்கத்தில் வந்து நழுவிப்போன மனிதருக்கு, கர்நாடகத்து நிஜலிங்கப்பா அமர்ந்த கட்சித் தலைவர் இடம் கிடைத்தது. பேனர் கட்டுவதற்குப் பஞ்சமில்லாத ஊர் இது. ஜோத்பூர்க்காரர் அசோக் கெலாட்டுக்கும் ஒன்று கட்டியிருக்கலாம். அவர் போட்டியிடாமல் விட்டதால் அல்லவா இதெல்லாம் நடந்தது!

அவர் விட்டுக்கொடுத்தது லேசான பதவி அல்ல. சோனியா குடும்பத்தின் ஆசி அவருக்குத்தான் என்று டெல்லியே பேசிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு சிக்கல்: 'ஒருவருக்கு ஒரு பதவி' என்ற கட்சித் தீர்மானம். அதுவும் அந்த ஆண்டு மே மாதம் அவருடைய ராஜஸ்தானில், உதய்ப்பூரில், அவர் முதல்வராக இருந்து உபசரித்த கூட்டத்தில் எடுத்த முடிவு. டெல்லிக்குப் போனால் ஜெய்ப்பூர் நாற்காலி கட்சிக்குள் அவருடைய போட்டியாளரான சச்சின் பைலட்டுக்குப் போய்விடும். சாதாரண அரசியல்வாதி என்றால் பெரிய பதவிக்கு ஆசைப்பட்டிருப்பான். போதுமென்ற மனம் படைத்தவர் கெலாட்.

நம் காமராஜருக்கு இந்தப் பக்குவம் வரவில்லை. 1963 காந்தி ஜெயந்தி அன்று முதல்வர் பதவியை உதறிவிட்டுக் கட்சி வேலைக்குப் போனார்; அகில இந்தியத் தலைவரானார். விளைவு? 1967இல் தமிழ்நாட்டில் ஆட்சியும் போயிற்று, விருதுநகரில் அவரே தோற்றார். அந்தப் பிழையைத் திருத்த 59 ஆண்டுகள் கழித்து ஒருவர் வரவேண்டியிருந்தது.

செப்டம்பர் 25 மாலை ஜெய்ப்பூரில் நடந்ததைச் சொல்லாமல் பாராட்டு முழுமையாகாது. முதல்வர் இல்லத்தில், அடுத்த முதல்வர் பற்றிய சட்டமன்றக் கட்சிக் கூட்டம். மேலிடப் பார்வையாளர்களாக வந்த கார்கேவும் அஜய் மாக்கனும் அங்கே காத்திருக்கிறார்கள். கெலாட் ஆதரவு எம்எல்ஏக்களோ அமைச்சர் சாந்தி தாரிவால் வீட்டில் கூடி, அங்கிருந்து நேரே சபாநாயகர் சி.பி. ஜோஷியிடம் போய் ராஜினாமா கடிதங்களைக் கொடுக்கிறார்கள். எண்பதுக்கு மேற்பட்டவை! இதில் கெலாட்டின் பங்கு என்று எதுவும் இருந்திருக்க முடியாது. மாயாஜாலக்காரர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கையில் ஒன்றுமில்லை என்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுவது பரம்பரை வித்தை.

நான்கு நாள் கழித்து டெல்லியில் சோனியா காந்தியைச் சந்தித்தார். உள்ளே போகும்போது கையில் இருந்த குறிப்புச் சீட்டைக் காமிராக்கள் படம்பிடித்துவிட்டன. மன்னிப்பு கேட்பதைக்கூட இவ்வளவு அக்கறையோடு தயாரித்துக்கொண்டு போகிறவர் எத்தனை பேர்? வெளியே வந்து, நடந்ததற்கு மன்னிப்பு கேட்டதாகவும், தார்மீகப் பொறுப்பேற்றுத் தலைவர் தேர்தலில் போட்டியிடப் போவதில்லை என்றும் சொன்னார். ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி, இருந்த அமைச்சர் பதவியை விட்டார். கெலாட் ஒரு படி மேலே போய், இன்னும் கைக்கு வராத பதவியையே துறந்தார். கைவசம் இருந்ததைப் பற்றிக் கேட்டதற்கு, அதைச் சோனியாதான் முடிவு செய்வார் என்றார். பணிவு!

மறுநாள் கார்கேயின் வேட்புமனுவில் முன்மொழிந்தவர்களில் ஒருவராகக் கையெழுத்தும் போட்டார். ஐந்து நாளுக்கு முன் தன் வீட்டில் காக்க வைத்த விருந்தாளிக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன இருக்கிறது? கார்கேயும் உதய்ப்பூர்த் தீர்மானத்தை மதித்து மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவர் பதவியிலிருந்து விலக ராஜினாமா கடிதம் கொடுத்தார். பழைய காலத்து மனிதர், பாவம். பெங்களூரில் மற்றவர்கள் கெலாட்டிடமே பாடம் கேட்டுக்கொண்டார்கள் போலிருக்கிறது: 2023 மே மாதம் துணை முதல்வரான டி.கே. சிவகுமார், மாநிலத் தலைவர் பதவியையும் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

கெலாட் கட்டிக்காத்த ஜெய்ப்பூர் நாற்காலி என்னவாயிற்று? 2023 டிசம்பரில் வாக்கு எண்ணினார்கள். காங்கிரஸுக்கு 69, பாஜகவுக்கு 115. 14 மாதங்களுக்கு முன்பு டெல்லிப் பதவியைத் துறந்தவரிடமிருந்து ராஜஸ்தான் மக்கள் முதல்வர் பதவியையும் வாங்கிக்கொண்டார்கள். சர்தார்புரா எம்எல்ஏ பதவி மட்டும் மிச்சம். அதைத் துறக்கும்படி அவரை இதுவரை யாரும் கேட்கவில்லை.