சுறாவைக் கட்டுகிறவர்கள்

கம்பெனிப் பயிற்சி வகுப்புகளுக்கு இப்போது மூளை வந்திருக்கிறது. இதுவரை தன்னம்பிக்கை வந்தது, நேர்மறை எண்ணம் வந்தது. இரண்டும் போணியாகி முடிந்தது. இனி நரம்பியல்.

தூத்துக்குடி கன்டெய்னர் யார்டில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற சூப்பர்வைசரை ஏசி ஹாலில் உட்கார வைக்கிறார்கள் என்று வையுங்கள். திரையில் ஒரு மூளை. இடது பாதி நீலம், வலது பாதி ஆரஞ்சு. கோட்டுப் போட்ட கோச் சொல்கிறார்: "உங்க பிரச்சினை மேனேஜர் இல்ல சார், உங்க மூளைக்குள்ள இருக்கிற அமிக்டலா." சூப்பர்வைசர் குறித்துக்கொள்கிறார். மேனேஜர் கைதட்டுகிறார். பின்னே தட்டமாட்டாரா? ஓவர்டைம் பாக்கி அவர் தலையிலிருந்து இறங்கி இவர் தலைக்குள் போய்விட்டதே!

அந்த நீலம், ஆரஞ்சுக்கு மூலவர் ரோஜர் ஸ்பெர்ரி. 1981இல் நோபல் வாங்கினார். அவர் ஆராய்ந்தது, கடும் வலிப்புக்காக இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கற்றையை வெட்டிய நோயாளிகளை. வெட்டுப்படாத மண்டைக்கு 'வலது மூளைக்காரர்' என்று சான்றிதழ் கொடுக்கச் சொல்லி அவர் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

சரி, மூளையின் ஸ்கேன் படம் பொய் சொல்லுமா என்பார்கள். சொல்லும். 2009இல் அமெரிக்காவில் கிரெய்க் பென்னட் குழுவினர் செத்த சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று கேட்டார்கள். மீனின் மூளையில் வெளிச்சம்! ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சோதித்துவிட்டுத் தற்செயலைக் கழிக்காமல் விட்டால் பிணமும் யோசிக்கும் என்று காட்டத்தான் அந்தக் கூத்து. 2012இல் அதற்குக் கேலிப் பரிசான இக் நோபல் கிடைத்தது. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சீலா மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார். அவரிடம் கலர் படம் காட்டி மீன் விற்க முடியாது. படித்தவரிடம் முடிகிறது.

ஏன் முடிகிறது? அதையும் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். மோசமான விளக்கத்தோடு சம்பந்தமில்லாத மூளைச் சங்கதி ஒன்றைச் சேர்த்தால் சாதாரண ஆட்கள் திருப்தியாகத் தலையாட்டினார்கள். மாணவர்களும் ஆட்டினார்கள். நரம்பியல் நிபுணர்கள் மட்டும் ஆட்டவில்லை. 2008இல் வெளிவந்த ஆய்வு. கோச்சுகள் அதை எச்சரிக்கையாக வாசிக்கவில்லை. தொழில் கையேடாக வாசித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

பிள்ளைகளையும் விடவில்லை. 'மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்' என்று கண்ணைக் கட்டி வாசிக்க வைத்தார்கள். மூக்கோரச் சந்து வழியாகப் பிள்ளை எட்டிப் பார்க்கிறது என்று பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் மேடை மேடையாகக் காட்டினார். நடுமூளை ஏற்கெனவே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. இல்லையென்றால் பிள்ளைக்குக் கருவிழியே சரியாக நகராது.

நம் கரைக்கு இந்த உத்தியோகம் புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த சலாபக் காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவார். அவர் இல்லாமல் குளியாட்கள் இறங்கமாட்டார்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார்: முத்தில் பத்தில் ஒன்று ராஜாவுக்கு, இருபதில் ஒன்று மீனைக் கட்டுகிறவருக்கு. ராத்திரி மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்கள். திருட்டுக் குளி நடக்காது, மறுநாள் பங்கும் தவறாது. பிற்பாடு இலங்கைக் கரையில் பிரிட்டிஷ் அரசே இவர்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது.

கடல்கட்டி தேவலை. சுறா வந்துவிட்டால் மந்திரத்தின் லட்சணம் கரைக்கே தெரிந்துவிடும். கோச்சுக்கு அந்த ஆபத்தும் இல்லை. பலன் இல்லையா? நீங்கள் மனதைத் திறக்கவில்லை. அடுத்த லெவலுக்குப் பணம் கட்டுங்கள், 18 சதவீத ஜிஎஸ்டி தனி. ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் கேட்கிற நாட்டில் அடுத்தவன் மூளையை ஓட்ட ஒரு ஸ்லைடு போதும்.

உப்பளத்துப் பெண்களுக்கு மட்டும் இந்த வகுப்பு கிடையாது. வெள்ளை வெயிலில் கண் கூச, உப்புத் தண்ணீரில் கால் வெடிக்கச் சுமக்கிறவர்கள் அவர்கள். கூப்பிட்டு உட்கார வைத்தால் கறுப்புக் கண்ணாடி கேட்பார்கள். பூட்ஸ் கேட்பார்கள். கழிப்பறை கேட்பார்கள். அதற்கெல்லாம் ஸ்லைடு இல்லை.